ஜெனீவா மனு: கட்டணம் இல்லை, கையில் கிடைப்பது ஒரு கருத்துரை

எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் சிறைக்குப் போனதும் பல நாடுகள் ‘ஆழ்ந்த கவலை’ தெரிவித்து அறிக்கை விடும். அந்த அறிக்கைக்கு ஆயுள் இரண்டு நாள். அதைவிடக் கனமாக ஏதாவது வேண்டுமென்றால் குடும்பத்தாரும் வழக்கறிஞர்களும் தட்டுகிற கதவு, ஜெனீவாவில் உள்ள, தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த ஐ.நா. பணிக்குழு. 1991-இல் அமைக்கப்பட்டது. ஐந்து சுயேச்சை நிபுணர்கள், ஆண்டுக்கு மூன்று முறை கூடுவார்கள். ஒருவரை அடைத்து வைத்தது தன்னிச்சையானதா என்று அவர்கள் தரும் முடிவுக்குப் பெயர்தான் கருத்துரை.

உள்ளே நுழைவது எளிது. பணம் கட்ட வேண்டாம், வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. உள்ளூர் நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடித்துவிட்டு வா என்றும் சொல்வதில்லை. மனு கொடுத்தவர் யார் என்பது அரசுக்குத் தெரிவிக்கப்படாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் சேராத நாடானாலும் பரவாயில்லை, உலக மனித உரிமைப் பிரகடனமே அளவுகோலாகப் போதும். மலேசியா அந்த உடன்படிக்கையில் இல்லை. இருந்தும் 2015 பிப்ரவரியில் சிறைப்பட்ட அந்நாட்டு எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமின் காவல் தன்னிச்சையானது என்று அதே ஆண்டில் குழு சொன்னது.

மனுவை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘எங்கள் தலைவர் நிரபராதி’ என்று பத்துப் பக்கம் எழுதிப் பயனில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்று இந்தக் குழு பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது ஐந்து வகைகளை: காவலுக்குச் சட்ட அடிப்படையே இல்லாதது; பேச்சு, கூட்டம் போன்ற உரிமையைப் பயன்படுத்தியதற்காகப் பிடித்தது; நியாயமான விசாரணைக்கான உரிமை மோசமாக மீறப்பட்டது; அகதிகளையும் குடியேறிகளையும் நீண்டகாலம் அடைத்து வைத்தது; அரசியல் கருத்து, இனம், மதம் போன்ற பாகுபாட்டால் பிடித்தது. ஒவ்வொரு சம்பவத்தையும் இதில் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். கைது செய்த தேதி, செய்த படை, வாரண்ட் காட்டினார்களா, சட்டப் பிரிவு எது, நீதிபதி முன் எப்போது நிறுத்தினார்கள், வக்கீலை எப்போது பார்க்கவிட்டார்கள் என்று வரிசையாக எழுதினால் போதும், பெயரடைகள் வேண்டாம். இணைப்புகளையும் சேர்த்து 20 பக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் படிக்காமலே விடலாம் என்பது விதி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் தவிர வேறு மொழி ஆவணங்களை மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மாலத்தீவு முன்னாள் அதிபர் முகமது நஷீத் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2015 பிப்ரவரி 22-இல் கைது, மறுநாளே விசாரணை தொடக்கம், மார்ச் 13-இல் பயங்கரவாதச் சட்டத்தில் 13 ஆண்டு தண்டனை. மொத்தம் 19 நாள். தயாராக அவகாசம் தராததைக் கண்டித்து வக்கீல்கள் விலகினார்கள். நஷீத் தரப்புச் சாட்சிகளை நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. தேதிகளை அடுக்கினாலே மூன்றாவது வகை கண்முன் நிற்கிறது. மனுதாரர் முதல் பார்வைக்கு நிற்கிற வழக்கைக் காட்டிவிட்டால் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு அரசின் தலையில் விழும். ‘எல்லாம் சட்டப்படியே நடந்தது’ என்ற ஒற்றை வரி பதில் அங்கே எடுபடாது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கருத்துரை நஷீத்துக்குச் சாதகமாக வந்தது: விடுவிக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும்.

அது வேகமான வழக்கு. வழக்கமான கணக்கு வேறு. அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள், கேட்டால் இன்னும் ஒரு மாதம், பிறகு மனுதாரரின் மறுமொழி, பிறகு அடுத்த கூட்டம். ஓராண்டைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அவசர வேண்டுகோள் என்ற தனி வழி உண்டு. இரண்டையும் சேர்த்தே போடலாம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி பெரிய குறை. கருத்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. மாலத்தீவு அரசு அதை நிராகரித்தது. 2016 ஜனவரியில் சிகிச்சைக்கு லண்டன் போக நஷீத்துக்கு வழி திறந்தது வெளிநாடுகளின் பேச்சுவார்த்தை. அன்வாரை வெளியே கொண்டுவந்தது 2018 மே தேர்தல் முடிவும் மாமன்னரின் மன்னிப்பும். பிலிப்பைன்ஸ் செனட்டர் லைலா டி லிமா 2017 பிப்ரவரியில் கைதானார், 2018-இல் கருத்துரை கிடைத்தது, ஜாமீன் கிடைத்ததோ 2023 நவம்பரில். ஆகவே இதைச் சாவி என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுவார். பிற நாட்டு நாடாளுமன்றங்களிலும் வெளியுறவு அமைச்சகங்களிலும் மேசைமேல் வைக்கிற முத்திரைத்தாள் என்று நினைத்தால் பயன் தெரியும். ‘நட்பு நாட்டின் உள்விவகாரம்’ என்று நழுவுகிறவர்களிடம் ஐ.நா. எண்ணிட்ட ஆவணத்தை நீட்டலாம்.

ஒரு பொறி இருக்கிறது, மனு போடும் முன்பே கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இங்கே முதலில் வரக்கூடாது. பணிக்குழுவுக்குப் போன அதே புகாரை ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றம் ஏற்காது என்று பெரால்டி எதிர் பிரான்ஸ் வழக்கில் 2009-இலேயே முடிவாகிவிட்டது. அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும். அதை இழப்பது சின்ன நஷ்டம் அல்ல. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழு (இது வேறு அமைப்பு) அவ்வளவு கறார் இல்லை. இன்னொரு அமைப்பின் பரிசீலனையில் ‘இருக்கும்’ புகாரைத்தான் அது தள்ளும், முடிந்துபோனதை அல்ல. நஷீத் தரப்பு அங்கேயும் போய் 2018-இல் வென்றது.

சிறையில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால் நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியத்தின் மனித உரிமைக் குழுவிலும் ஒரு புகார் போட்டு வைப்பது நல்லது. 1976 முதல் இயங்குகிறது, அந்த நாட்டு சபாநாயகரிடமே நேரடியாகக் கடிதம் போகும், விசாரணைக்குப் பார்வையாளரையும் அனுப்புவார்கள். உள்ளாட்சித் தலைவர்களுக்கும் பதவி ஏதுமில்லாத கட்சிக்காரர்களுக்கும் அந்தக் கதவு கிடையாது.