பம்ப் வார்ப்படம்: சொந்த உலையா, வெளி பவுண்டரியா?

கோவையில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) தயாரிக்கும் நடுத்தர ஆலைகளில், ஆர்டர் பெருகி வார்ப்படம் நேரத்துக்கு வராமல் போகும் ஒவ்வொரு கோடையிலும், சொந்தமாக ஒரு பவுண்டரி (இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை) போட்டுவிடலாமா என்ற பேச்சு எழும். உடனே கிலோவுக்கு நாம் கொடுக்கும் விலையை ஒரு பக்கமும், ஸ்கிராப் (பழைய இரும்பு), பிக் அயர்ன் (கச்சா இரும்புக் கட்டி), மின்சாரம், கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மறுபக்கமும் எழுதி, சொந்த உலைதான் மலிவு என்று முடிவு கட்டுவார்கள். அந்தக் கணக்கில் உலை சும்மா கிடக்கும் நாட்கள் சேர்வதில்லை என்பதே என் முதல் ஆட்சேபம்.

மாதம் 2,000 பம்ப், ஒன்றுக்கு எட்டரை கிலோ உடல் வார்ப்படம் என்று வைத்துக்கொள்வோம். தேவை 17 டன். அச்சின் வழிகளில் உறையும் ரன்னர், ரைசர், கழிவு எல்லாம் போக உருக்கிய இரும்பில் 65 விழுக்காடுதான் நல்ல வார்ப்படமாகத் தேறும் என்று கொண்டால், ஏறத்தாழ 26 டன் உருக்க வேண்டும். அரை டன் இண்டக்ஷன் உலை மணிக்கு ஒரு ஹீட் (ஒரு முறை உருக்குவது) கொடுத்தால், நாளுக்கு எட்டு ஹீட் வீதம் ஏழு நாட்களுக்குள் மாத வேலை முடிந்துவிடும். மீதி நாட்களில் உலை குளிர்ந்து கிடந்தாலும், உயரழுத்த இணைப்புக்கான டிமாண்ட் கட்டணமும் (ஒதுக்கிய மின்திறனுக்கான மாதக் கட்டணம்) உலையில் உருக்கும் மெல்டரின் சம்பளமும் வங்கித் தவணையும் நிற்பதில்லை. அடிக்கடி குளிர்ந்து சூடேறும், உலையின் உட்பூச்சான சிலிக்கா லைனிங்கும் சீக்கிரம் விரிசல் விடும். 573 டிகிரி செல்சியஸைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள குவார்ட்ஸின் கன அளவு மாறுவதே அதற்குக் காரணம். இதற்கு மேல், அச்சுக்குப் பயன்படுத்திய மணலை எங்கே கொட்டுவது என்ற தொல்லை வேறு. பல ஆலைகளுக்கு ஊற்றும் ஜாப் பவுண்டரியின் உலை மாதம் முழுவதும் எரிகிறது. கிலோவுக்கு அவர் வைக்கும் லாபம், பெரும்பாலும் நம் உலை சும்மா கிடப்பதால் வரும் நட்டத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

வெளியே வாங்குவதில் உள்ள சிக்கல்கள் விலைப்பட்டியலில் தெரிபவை அல்ல. வார்ப்படம் எடைக்கு விற்கப்படுவதால், சுவர் தடித்தால் விற்பவருக்கு இழப்பு இல்லை. மணல் அச்சு சரியாக இறுகாமல் விரிந்து எட்டரை கிலோ உருப்படி 9.2 கிலோவாக வந்தால், 2,000 உருப்படிகளில் 1,400 கிலோ இரும்புக்கு வீணாகப் பணம் கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதியைக் கடைந்து சுருளாக்கிக் குப்பை விலைக்கு விற்கிறோம் என்பது தனி வேடிக்கை. எடைக்கு உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதற்கு விலை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்காதது ப்ளோ ஹோல், அதாவது வாயு சிக்கி வார்ப்படத்துக்குள் விழும் துளை. நான் வேலை பார்த்த ஆலையில், வெளிப்பார்வைக்கு வழுவழுப்பாக இருந்த கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஒன்று லேத்தில் மூன்றாவது வெட்டில் மிளகு அளவுத் துளையைக் காட்டியது. சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவைத்தோம். மாலைக்குள் அப்படி வட்டமிட்டவை முப்பதைத் தாண்டின. பவுண்டரிக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். ஆனால் போன லேத் நேரத்தையும் டூல் முனையையும் தள்ளிப்போன டெலிவரியையும் அவரால் திருப்பித் தர முடியாது. மணலில் ஈரம் கூடியிருந்தது எங்களுக்குத் தெரிவதற்குள், அதே மணலில் அடுத்த நூற்றுக்கணக்கான உருப்படிகளை அவர் ஊற்றி முடித்திருந்தார். சொந்த பவுண்டரியிலும் துளை விழத்தான் செய்யும். ஆனால் காலையில் ஊற்றியது மாலையில் லேத்துக்கு வரும் இடத்தில், மறுநாள் மணலைத் திருத்திவிடலாம். சொந்த உலைக்கு ஆதரவாக நான் ஏற்கும் வலுவான வாதம் இது ஒன்றுதான்.

வெளியே வாங்கினால் நெடுநாள் கடன் கிடைக்கும் என்ற பழைய வாதம் இப்போது மெலிந்துவிட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஜாப் பவுண்டரிகளில் பெரும்பாலானவை இந்த வரையறைக்குள் வருபவை.

ஆகவே இந்த அளவு உற்பத்தியில் கேசிங், மோட்டார் பாடி போன்ற கனமான உருப்படிகளை வெளியே வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதுவும் ஒரே பவுண்டரியிடம் இல்லாமல் இரண்டிடம். தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் வேறு கதை. அதன் உள்வழிகள், அச்சுக்குள் கோர் என்ற மணல் கட்டியை வைத்து உருவாகுபவை. அங்கே கோர் சற்றே நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, பேலன்சிங் கெட்டு, பம்பின் செயல்திறன் இறங்கிவிடும். அதற்காக உலை போட வேண்டியதில்லை. கோரை வடிக்கும் பெட்டியான கோர் பாக்ஸை நம் டூல் ரூமிலேயே செய்து, கோரையும் நாமே அடித்துச் சுட்டு, எண்ணிக்கை போட்டு பவுண்டரிக்கு அனுப்பினால், பிழை வரக்கூடிய இடத்தின் பெரும்பகுதி நம் கையிலேயே இருக்கும். மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்ன் யாருடையது என்பதையும் முதல் நாளே எழுதி வாங்கிவிட வேண்டும். தகராறு வந்தபின் இன்னொருவரின் கொட்டகையில் கிடக்கும் அலுமினியப் பேட்டர்னை மீட்பதற்குள் ஒரு சீசனே போய்விடும்.