சைனாடவுனா, மான்டரே பார்க்கா?

கலிஃபோர்னியாவின் சீனர்களை அறிய ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனுக்குப் போவதா, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள மான்டரே பார்க்குக்கா?

சைனாடவுன் பழையது. தங்க வேட்டைக் காலத்தில் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அமைத்த பேட்டை. சீனத் தொழிலாளர்கள் குடியேறுவதைத் தடுக்க 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நீடித்தது. 1906 நிலநடுக்கத்தில் பேட்டையே எரிந்தது. கிரான்ட் அவென்யூவின் பகோடா கூரைகள் அதற்குப் பிறகு, வெளியூர்க்காரர்களைக் கவரவென்றே வைத்தவை. பலர் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு தெரு மேற்கே போனால் ஸ்டாக்டன் தெரு. காய்கறிப் பெட்டிகளை அலசியபடி பாட்டிகள் கான்டனீஸில் (குவாங்டாங் பக்கத்துச் சீன மொழி) பேசுவது அங்கேதான். பவல் பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், கார் வேண்டாம்.

மான்டரே பார்க்கில் அலங்கார வளைவைத் தேடினால் ஏமாற்றம்தான். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிய கடை வரிசைகளே ஊர். நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் தைவான், ஹாங்காங் நடுத்தர வர்க்கம் நேராகப் புறநகருக்கே வந்தது. 1983-ல் சீன அமெரிக்கரான லில்லி லீ சென் மேயரானார். கடைப் பலகைகளில் ஆங்கிலம் வேண்டுமென்று 80களில் பெரிய சண்டையே நடந்தது. 1990 கணக்கெடுப்பில் ஆசியர்களே பெரும்பான்மை. இங்கே கார் இல்லாமல் சிரமம்.

சைவர்களுக்கு ஒன்று: இரண்டு இடத்திலும் வெறும் கீரைப் பொரியலில்கூடச் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், முன்பே வேண்டாமெனச் சொல்லுங்கள்.

வரலாறுதான் வேண்டுமென்றால் சைனாடவுன். இன்றைய கலிஃபோர்னியா வேண்டுமென்றால், சந்தேகமில்லாமல் மான்டரே பார்க்.