பள்ளிப் பிள்ளைக்கு எந்தத் தூக்கம்: மதியமா, மாலையா, முன்னிரவா?

களைத்துப்போன பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு: மதியம் பள்ளியிலேயே குட்டித் தூக்கம், வீடு திரும்பியதும் நீண்ட தூக்கம், அல்லது பகலில் தூங்காமல் இரவில் சீக்கிரம் படுப்பது. இவற்றுள் பல வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான். என் கணக்கில் அதுதான் கடைசி இடம்.

மாலை ஐந்து மணிக்குச் சாய்ந்த பிள்ளையை ஆறரைக்கு எழுப்பிப் பாருங்கள். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுந்ததால் தொட்டதற்கெல்லாம் அழுகை. புத்தகம் விரிந்திருந்தாலும் ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. விழித்திருக்கும்போது மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் தூக்கத்தை வரவழைக்கிறது. அதை மாலையிலேயே கரைத்துவிட்டால், இரவு பதினொரு மணிக்கும் கண்ணில் தூக்கம் எட்டிப்பார்க்காது. மறுநாள் மாலை அதே சோபா, அதே கதை.

மதியம் ஒரு மணி முதல் மூன்று மணிவரை வரும் சோர்வு வேறு. உடல் கடிகாரத்திலேயே உள்ள சரிவு அது, சாப்பிடாவிட்டாலும் வரும். அப்போது இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் ஆழ்நிலைக்குப் போகுமுன் எழுந்துவிடலாம், இரவுத் தூக்கமும் கெடாது. சீனாவில் 10 முதல் 12 வயதுள்ள ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ பகலில் தூங்கிய ஆறாம் வகுப்பினரின் கல்வித் திறன் 7.6 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம்தான் மதிப்பெண்ணைக் கூட்டியது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. அங்கே மதிய ஓய்வு பள்ளி வழக்கத்திலேயே உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. இதைக் காட்டி மாலைத் தூக்கத்துக்கு வக்காலத்து வாங்குவது செல்லாது.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை முதலிடம் முன்னிரவுக்குத்தான். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதுக்குள் உறங்கியிருக்க வேண்டும். பதின்வயதினரிடம் இது எடுபடாது. பருவமடையும்போது, உறங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோனின் சுரப்பே தாமதமாகிறது; சீக்கிரம் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு மதியத் தூக்கம் கைகொடுக்கும்.

இரவில் போதிய அளவு தூங்கியும் பள்ளி வயதுப் பிள்ளை அன்றாடம் பகலில் சரிந்து விழுந்தால், குறிப்பாகக் குறட்டையும் இருந்தால், நேர அட்டவணையைத் திருத்துவதை நிறுத்திவிட்டு தொண்டையிலுள்ள டான்சில் பெருத்து உறக்கத்தில் மூச்சை அடைக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.