கிருஷ்ணகிரியில் ஒரு வாடகை வேஷக் கடை: துணிக்கு மார்க் உண்டு, ரேக்குக்கு இல்லை

கிருஷ்ணகிரி டவுனுக்குள் கீழே பொம்மைக் கடையும் மாடியில் மாறுவேட டிரஸ் வாடகையுமாக நடக்கிற ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், கடைக்கார அண்ணன் முகத்தில் நாளைக்கும் முழிக்க வேண்டும். ஆகஸ்ட் 15, கிருஷ்ண ஜெயந்தி, ஆண்டு விழா, அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று சீசன் வந்துவிட்டால் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது.

நான் வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைக்கிறவள். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். அந்தக் கணக்கில் இந்தக் கடைக்கு நல்ல மார்க் போடலாம். பாரதியார் கோட்டுக்குள் முழு லைனிங் இருக்கிறது. முண்டாசு தைத்தே வைத்திருப்பதால் மேடை ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடும் என்ற பயம் இல்லை. வேலு நாச்சியார் உடையில் இடுப்புப் பட்டைக்குள் கேன்வாஸ் வைத்திருக்கிறார்கள். வாளைச் செருகினால் தொங்காமல் நிற்கிறது. மற்ற இடங்களில் சாட்டினை வெட்டி ஓரம்கூட அடிக்காமல் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஓவர்லாக் உண்டு. ஒரு நாள் வாடகை 200-லிருந்து 350 ரூபாய், அட்வான்ஸ் 500. திருப்பிக் கொடுக்கும்போது ஜரிகை பிரிந்திருந்தால் பிடிப்பார்கள், மற்றபடி அநியாயம் இல்லை.

என் குறை கவுண்டரில் ஆரம்பிக்கிறது. உள்ளே போனதும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, "பையனா பொண்ணாம்மா?" வயசு கேட்க மாட்டார், உயரம் கேட்க மாட்டார், என்ன வேஷம் என்றும் கேட்க மாட்டார். நாம் சொல்கிற பதிலைப் பொறுத்து வலது பக்கமோ இடது பக்கமோ கை காட்டுவார். இரண்டு ரேக். ஒன்றின் மேல் பாய்ஸ், இன்னொன்றின் மேல் கேர்ள்ஸ் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் ஒரு காலத்தில் எவ்வளவு கனம் இருந்தது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட இல்லை, 2004-ல்தான் பிரிந்தது. அண்ணன் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அவருக்குக் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கடை நம் குழந்தைக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது.

பையன்கள் ரேக்கில் கட்டபொம்மன், பாரதியார், நேதாஜி, பகத்சிங், அப்துல் கலாம், ராணுவம், போலீஸ், டாக்டர், விண்வெளி வீரர், சிங்கம், புலி. பெண் பிள்ளைகள் ரேக்கில் பாரத மாதா, ஆண்டாள், மீனாட்சி, ராதை, ஔவையார், வேலு நாச்சியார், நர்ஸ், காய்கறிக்காரம்மா, தேவதை, பட்டாம்பூச்சி, கிளி, மயில். மிருகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள். பல்லும் நகமும் இருந்தால் பையனுக்கு, இறக்கை இருந்தால் பாப்பாவுக்கு. இதில் மயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நீளத் தோகை இருப்பது ஆண் மயிலுக்கு. அந்த ரேக்கில் இருக்கிற ஒரே ஆண் அதுதான்.

என் பெண் மூன்றாம் வகுப்பு. டீச்சர் கல்பனா சாவ்லா வேஷம் போடச் சொல்லியிருந்தார். அண்ணனிடம் சொன்னதும் அவர் இடது பக்க ரேக்கில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "அது இல்லம்மா, டாக்டர் போட்டுடலாமா? கேர்ள்ஸ் டாக்டர் கோட்டு தனியா வந்திருக்கு" என்றார். விண்வெளி உடை எதிர் ரேக்கில் கண்ணுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "அது பசங்களுதும்மா."

சரி, அந்தத் தனியாக வந்த டாக்டர் கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் துணிதான், ஆனால் காலரிலும் கை ஓரத்திலும் ரோஸ் பைப்பிங். இடுப்பு ஒட்டி நிற்க டார்ட் பிடித்து, கீழே பாவாடை மாதிரி சுருக்கம். எட்டு வயசுப் பிள்ளைக்கு இடுப்பில் டார்ட் எதற்கு? அதையும் விடுங்கள். இரண்டு பக்கமும் பாக்கெட் மூடி அழகாகத் தைத்து, மேலே ரோஸ் பட்டன் வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே பாக்கெட்டே இல்லை. மூடி மட்டும்தான். பையன்கள் கோட்டை இறக்கிப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே இரண்டு, மூன்றும் நிஜப் பாக்கெட். ஸ்டெதாஸ்கோப்பை மடித்து உள்ளே போட்டால் அடியில் போய் உட்கார்ந்தது. வாடகையைக் கேட்டேன். பாக்கெட் இல்லாத கோட்டுக்கு 30 ரூபாய் அதிகம்! பைப்பிங்குக்காம்.

அரசு ஆஸ்பத்திரியில் பாதிக்குப் பாதி லேடி டாக்டர்கள் நடமாடுவதைத் தினம் பார்க்கிறோம். யார் போட்டிருக்கிற கோட்டில் சுருக்கமும் ரோஸ் பட்டனும் இருக்கிறது? போலீஸ் உடையும் இதே கதைதான். பெண் பிள்ளைகளுக்கு என்று காக்கியில் ஒரு ஃபிராக், தொப்பியில் நட்சத்திரத்துக்குப் பதில் சின்ன பூ. தமிழ்நாடு போலீஸில் பெண்களை முதன்முதலில் எடுத்தது 1973-ல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. ரவுண்டானாவில் நின்று டிராஃபிக் பார்க்கிற அம்மாவைப் பார்த்துத்தானே இந்தப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள். அவர் ஃபிராக்கிலா நிற்கிறார்?

விண்வெளி உடையை நானே இறக்கி, பாப்பாவின் தோளில் வைத்து அளந்தேன். முன்பக்கம் கழுத்திலிருந்து நீள ஜிப், முழங்காலில் எலாஸ்டிக், தோளில் வெல்க்ரோ. கால் மட்டும் ஒன்றரை இஞ்ச் நீளம், உள்ளே மடித்து ஹெம் போட்டால் முடிந்தது. ஒரே குறை, நிறம். கல்பனா சாவ்லா படத்தில் போட்டிருப்பது ஆரஞ்சு. கடையில் இருப்பது வெள்ளி கலந்த வெள்ளை. 1997-ல் முதல் முறை மேலே போன, 2003 பிப்ரவரியில் திரும்பி வரும்போது இறந்துபோன ஒருவரைப் பற்றி மூன்று நிமிஷம் பேசப்போகும் பிள்ளைக்கு அது போதும். அண்ணன் கொடுக்க மாட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்மா" என்று பில் போட்டார். பில்லில் 'பாய்ஸ் ஆஸ்ட்ரோ' என்று இருந்தது.

கீழே பொம்மைக் கடைக்கு வருவோம். ஒரு சுவர் முழுக்க ரோஸ், எதிர்ச் சுவர் நீலம், கறுப்பு, சிவப்பு. ரோஸ் சுவரில் பொம்மை, மேக்கப் பெட்டி, கிச்சன் செட். எதிரில் ஜேசிபி, துப்பாக்கி, கிரிக்கெட் பேட், ஸ்பேனர் செட். யூகேஜி படிக்கிற என் பையன் நேராகப் போய் கிச்சன் செட்டைத் தூக்கினான். அடுப்பு, குக்கர், தோசைக்கல், குட்டிக் கரண்டி எல்லாம் உள்ளே. வேலை செய்கிற தம்பி, "டேய், அது அக்காவுக்குடா, உனக்கு ஜேசிபி பாரு" என்று சிரித்துக்கொண்டே வாங்கி மேலே வைத்துவிட்டான். பெட்டியிலும் சமைக்கிற மாதிரி ஒரு பெண் குழந்தை படம் மட்டும். கிருஷ்ணகிரியில் பரோட்டா வீசுகிற மாஸ்டர், கல்யாணத்துக்கு பிரியாணி போடுகிற மாஸ்டர், டீ மாஸ்டர் என்று கரண்டி பிடித்துச் சம்பாதிக்கிறவர்களில் எத்தனை பேர் பெண்கள்? அந்தத் தம்பி மத்தியானம் சாப்பிடுவதே பக்கத்து ஹோட்டல் மாஸ்டர் கையால்தான்.

இந்த விஷயத்தில் பெண் பிள்ளைகளைவிடப் பையன்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். பாப்பா பேட்டைத் தூக்கினால் 'தைரியசாலி' என்பார்கள். பையன் கரண்டியைத் தூக்கினால் கடையே சிரிக்கும். லெகோ கம்பெனி 2021-ல் ஏழு நாடுகளில் ஆய்வு செய்தபோது, எதிர்ப் பாலினத்துக்கானது என்று கருதப்படும் பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்களோ என்று பயப்படுவதாகச் சொன்ன பையன்கள் 71 சதவீதம், பெண் பிள்ளைகள் 42 சதவீதம். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி, தங்கள் பொம்மைகளிலிருந்து இந்தப் பாகுபாட்டை எடுக்கப் பார்ப்பதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரியிலிருந்து பெரிய கடைகள், இருபாலருக்கும் பொதுவான பொம்மைப் பகுதி ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊருக்குச் சட்டம் வேண்டாம், அந்தத் தம்பி பெட்டியைப் பிடுங்காமல் இருந்தாலே போதும்.

ஸ்பேனர் செட்டை நான் பாப்பாவுக்கு வாங்கினேன். என் தங்கச்சி இந்த மாவட்டத்திலேயே ஒரு வண்டி கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறாள். போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்தபோது பேப்பர், டிவி எல்லாவற்றிலும் வந்ததே. வேனில் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் நிறைந்த மாவட்டத்தில் ஸ்பேனர் பெட்டி மேல் பையன் படம். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நட்டு எல்லாம் பிளாஸ்டிக்கு, ரெண்டு நாள்ல மரை போயிடும்." அவளுக்கு அதுதான் குறை. உண்மைதான், மரை போய்விட்டது.

பொம்மை வாங்கும்போது பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். இங்கே பெரும்பாலானவற்றில் இருந்தது, கீழ்த்தட்டில் கூடையில் கொட்டி விற்கிற சாமான்களில் இல்லை.

ரோஸ் சுவரைப் பற்றி அண்ணனிடம் கேட்டபோது, "பெட்டி அப்படித்தாம்மா வருது, நான் என்ன பண்றது?" என்றார். நியாயம்தான். பெட்டியின் நிறத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் மாடியில் ரேக்குக்கு மேல் ஒட்டிய சீட்டு எந்த ஊரிலிருந்தும் வரவில்லை, அவர் கையெழுத்து. அதைச் சொன்னேன். "சேர்த்துத் தொங்கவிட்டா ஜனங்க குழம்பிடுவாங்க. பையனுக்குப் பொண்ணு வேஷம் எடுத்துட்டுப் போயிட்டு அப்பன்காரன் வந்து சண்டை போடுவான்" என்றார்.

எனக்கு இதுதான் புரியவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெயில் காலத்தில் ஊர் ஊராகப் பாரதம் நடக்கிறது. விடிய விடியக் கூத்து. திரௌபதியாக வருகிறவர் யார்? பகலில் ஏர் ஓட்டிய ஆள், மீசையை மழித்துவிட்டு, புடவை கட்டி, கொண்டை வைத்து, சபையில் நின்று நியாயம் கேட்கிறார். அந்த அப்பன்காரனும் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து, கண் கலங்கத்தான் பார்க்கிறான். பெண் வேஷம் கட்டுகிறவருக்கு ஊரில் தனி மரியாதை. அதே ஊர்ப் பையன் ஸ்கூலில் ஆண்டாள் வேஷம் போட்டால் மட்டும் என்ன குடி முழுகிவிடும்? இந்தக் கடையிலேயே கிருஷ்ணர் உடை மட்டும் எந்த ரேக்கிலும் இல்லாமல் தனியாகத் தொங்குகிறது, பையன், பெண் யாருக்கும் கொடுக்கிறார்கள். யாரும் குழம்பவில்லையே.

ஔவையார் உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் புடவை, நரை விக், கோல், விபூதிப் பட்டை. ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவைப் பாட்டிக்கு அது பொருந்தும். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேடையில் பேசுவதெல்லாம் தர்மபுரியை (அன்றைய தகடூர்) ஆண்ட அதியமானையும் நெல்லிக்கனியையும் பற்றி. அந்த ஔவை சங்க காலத்தவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி மாலை போட்டுப் பளபளவென்று இருக்கிறது, எங்கள் ஆளுடையது சண்டையில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று நக்கலடித்தவர். புறநானூறு 89-ல் அவரை எதிரி அரசன் 'வாள்நுதல் விறலி' என்று கூப்பிடுகிறான். ஒளிவிடும் நெற்றியோடு, மை தீட்டிய கண்ணோடு வருகிற பெண் அவர். தூதுக்குப் போனவருக்கு நரை விக்கும் கூனும் யார் கொடுத்தது? தர்மபுரிப் பிள்ளைக்கு இந்த உடையை எடுக்கிறவர்கள் விக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம், வாடகையில் 50 ரூபாய் குறைப்பார்கள்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. பாக்கெட் இல்லாத கோட்டைப் பற்றி நான் விடாமல் பேசியதில், "அப்ப நீங்களே வெச்சுக் கொடுத்துடுங்கம்மா" என்று ஆறு கோட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டார். கோட்டுக்கு 60 கேட்டேன், 40-ல் முடித்தார். டார்ட்டையும் பிரித்துவிட்டேன், அதற்குக் காசு தரவில்லை. ரேக் சீட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சனி, ஞாயிறு மாலை போகாதீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போக முடியாவிட்டால் தோளிலிருந்து கணுக்கால் வரை நீளமும் மார்புச் சுற்றளவும் எழுதிக்கொண்டு போங்கள். பையனா பொண்ணா என்று கேட்டால் அளவைச் சொல்லுங்கள்; மறுபடி கேட்டால் வேஷத்தின் பெயரைச் சொல்லுங்கள். மதியம் கவுண்டரில் இருக்கிற அக்கா இரண்டு ரேக்கையும் முகம் சுளிக்காமல் காட்டுவார். பாரதியார், ஜான்சி ராணி எல்லாம் நாலைந்து செட் இருக்கிறது, கடைசி நாளில்கூடக் கிடைக்கும். விண்வெளி உடை ஒன்றே ஒன்றுதான். எங்கள் வட்டாரப் போட்டி முடிகிறவரை தயவுசெய்து யாரும் கேட்டுவிடாதீர்கள்.