பாஸ்புக்கை மட்டும் கான்ட்ராக்டர் கையில குடுத்துடாதீங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கலைஞர் கனவு இல்லம் (குடிசையில இருக்கறவங்களுக்கு வீடு கட்ட அரசு பணம் குடுக்கற திட்டம்) ஒர்க் ஆர்டர் வாங்கிட்டு வீடு கட்ட ஆள் தேடறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க, எங்களுக்கு ஆனது உங்களுக்கு ஆக வேண்டாம்.

எங்கம்மா 30 வருஷம் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. ரிட்டயர்டு ஆனதும் எஸ்டேட் குடுத்த லைன் வீட்டை காலி பண்ண சொல்லிட்டாங்க, அப்புறம் அவங்க பேர்ல இருந்த 3 சென்ட் பட்டாவுல மண்சுவர் வெச்சு மேல தார்ப்பாய் கட்டித்தான் இருந்தோம். மழை வந்தா குண்டா வெக்க இடம் பத்தாது. கிராம சபையில அம்மா பேரை படிச்சப்ப அன்னைக்கு ராத்திரி அவங்க தூங்கவே இல்லைங்க. மூன்றரை லட்சம், 360 சதுர அடி வீடு.

ஒர்க் ஆர்டர் வந்த ரெண்டாவது நாளே ஒருத்தர் வந்தாரு. "அம்மா நீங்க எதுக்கும் அலைய வேணாம், பேஸ்மென்ட்ல இருந்து சாவி குடுக்கற வரைக்கும் நான் பாத்துக்கறேன், தடுப்புச்சுவரும் இதுலயே அடங்கிடும்"னாரு. நாங்க ஏமாந்தது அந்த கடைசி வார்த்தையிலதான். நம்ம மலையில வீடு கட்டினவங்களுக்கு தெரியும், மேட்டுப்பாளையத்துல இருந்து எம்சாண்ட் லோடு ஏத்தி வரணும், வண்டி ரோட்டுலயே நின்னுடும், அங்கிருந்து ஹாலோ பிளாக் சிமெண்ட் எல்லாம் தலைச்சுமை, அதுக்கு தனி கூலி. சரிவை வெட்டி தடுப்புச்சுவர் எழுப்பறதுக்கே ஒரு பெரிய தொகை போயிடும். கீழ் நாட்டுக்கும் நமக்கும் அதே மூன்றரை லட்சம்தான். உள்ளபடி சொல்ற மேஸ்திரி முதல்லயே "கையில இருந்து இவ்ளோ போடணும்"னு சொல்லிடுவாரு. அப்படி ஒருத்தர் சொன்னாரு, நாங்கதான் ரேட்டு ஜாஸ்தின்னு அவரை அனுப்பிட்டோம்.

இந்த ஆள் ஃபைல் செலவுன்னு 10 ஆயிரம் வாங்கினாரு, அது முதல் பொய், வீடு வாங்க யாருக்கும் ஒத்தப் பைசா கட்டத் தேவையில்லை. அப்புறம் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, பின் நம்பர், கூட ரெண்டு வித்ட்ராவல் சலான்ல அம்மா கையெழுத்து. நான் கோயம்புத்தூர்ல வேலையில இருந்தேன், போன்ல "குடுங்கம்மா, அவரே பாத்துக்கட்டும்"னு சொன்னதே நான்தான்.

காசு மொத்தமா வராதுங்க. பேஸ்மென்ட், அதாவது அடித்தளம், முடிஞ்சா ஓவர்சியர் வந்து போட்டோ எடுப்பாரு, ஒரு தவணை பயனாளி அக்கவுண்ட்ல ஏறும், அப்புறம் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட்) முடிஞ்சா, அப்புறம் கூரை முடிஞ்சா. பழைய வீட்டை இடிச்சு, அவசர அவசரமா பேஸ்மென்ட் போட்டு, காசு ஏறின அன்னைக்கே வழிச்சு எடுத்துட்டாரு. வீட்டுக்குன்னு அரசு ஆபீஸ்ல குடுத்த சிமெண்ட்ல பாதி மூட்டை எங்க சைட்டுக்கு வரவே இல்லை. அதுக்கும் மேல "கம்பி வாங்கணும், அடுத்த பில் வந்ததும் திருப்பி தரேன்"னு 60 ஆயிரம், அம்மா செயினை அடகு வெச்சு குடுத்தாங்க. அதோட போன் சுவிட்ச் ஆஃப்.

ஐப்பசி மழையில வெட்டின மண்ணு சரிஞ்சு பேஸ்மென்ட்ல பாதி மூடிடுச்சு. தடுப்புச்சுவர்னு ஒரு கல்லு கூட வெக்கலை.

பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல கேட்டா "லிண்டல் வராம அடுத்த தவணை போட முடியாதும்மா, எடுத்த காசுக்கு உங்க கையெழுத்துதானே இருக்கு"ங்கறாங்க. அவங்க சொல்றதுலயும் தப்பில்லை. திங்கக்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கோம், போலீஸ் ஸ்டேஷன்ல புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது போட்டு குடுத்தாங்க. ஏடிஎம் கார்டை பிளாக் பண்ணிட்டு புது பாஸ்புக் வாங்கிட்டேன்.

எழுத்துல ஒண்ணுமே வாங்கலைங்க, ஒரு வெள்ளைத்தாள்ல கூட. நீங்க எந்த வேலைக்கு எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, வேலை முடிய முடிய குடுங்க, பேங்குக்கு வயசானவங்களை தனியா அனுப்பாதீங்க.

அம்மா இப்ப சித்தி வீட்டு லைன்ல ஒரு ரூம்ல இருக்காங்க. தை மாசம் அடகு வெச்ச செயினை மீட்க கெடு. அதுக்குள்ள மண்ணை அள்ளிட்டு, முதல்ல நாங்க வேணாம்னு அனுப்பின அதே மேஸ்திரிகிட்டதான் போய் நிக்கப்போறேன்.