எடைக்கருவி அசையாது, இஞ்ச் டேப் பேசும்: தசை ஏற்றி கொழுப்பு குறைக்கும் முறை, ஆறு மாதப் பயன்பாட்டில்

இந்த முறையில் முதலில் ஏமாற்றுவது எடைக்கருவி. இரண்டு கிலோ கொழுப்பு கரைந்து ஒன்றரை கிலோ தசை ஏறினால் அது காட்டுவது அரை கிலோ குறைவுதான். "வேலைக்கு ஆகல" என்று பலர் இரண்டாம் மாதமே விட்டுவிடுவது இதனால்தான். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் மிஷின் இரண்டு சொம்பு தண்ணீருக்கே பேச்சை மாற்றும்.

75 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் நாளைக்கு 120 கிராம் புரோட்டீன். நான்கு முட்டை 24, எலும்பில்லாத பச்சைக் கோழி 200 கிராமில் 45, மீல்மேக்கர் 50 கிராமில் 26, வே (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்) ஒரு ஸ்கூப்பில் சுமார் 24. கணக்கு முடிந்தது. சாம்பாரை நம்ப வேண்டாம், ஒரு கரண்டியில் தேறுவது மூன்று நான்கு கிராம்தான்.

மீல்மேக்கரில்தான் பெரிய தப்பு நடக்கிறது. 26 கிராம் என்பது காய்ந்த எடைக்கு. ஊறிய பிறகு 50 கிராம் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் வாடை போகும். ஒரே வேளையில் முழுதும் தின்றால் வயிறு உப்பும், பிரித்துக்கொள்ளுங்கள்.

பழியெல்லாம் சோற்றின் மேல் விழுகிறது, ஓட்டை இருப்பது எண்ணெய்த் தூக்கில். நாளைக்கு 300 கலோரி குறைத்துச் சாப்பிடுவதுதான் திட்டம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120. தோசைக்கல்லில் கை போன போக்கில் ஊற்றினால் பற்றாக்குறை அங்கேயே அடைபடும். மூன்று பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால், தலைக்கு தினமும் 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. மாத பில்லை எடுத்துப் பாருங்கள், ஸ்பூன் அளவைவிட அது நேர்மையானது.

பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது), ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது). ஒவ்வொன்றும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (தடவை). மூன்று செட்டிலும் 12 வந்தால் பார்பெல்லுக்கு (தட்டு மாட்டும் நீளக் கம்பி) இருபக்கமும் 1.25 கிலோ ஏற்றுங்கள். வீட்டு தம்புளில் இது இடிக்கும்: ஐந்து கிலோவிலிருந்து ஏழரைக்குத் தாவுவது பாதிக்குப் பாதி ஏற்றம். ஐந்திலேயே 15 ரெப் வரை போய், இறக்கும்போது மூன்று எண்ணி இறக்கிய பிறகு மாற்றுங்கள். வாரா வாரம் உடற்பயிற்சியை மாற்றினால் ஏறியதா இறங்கியதா என்பதே தெரியாது.

கிரியேட்டின் (தூக்கும் பலத்துக்கு உதவும் சப்ளிமெண்ட் பொடி) நாளைக்கு 3 முதல் 5 கிராம். முதல் வாரங்களில் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ வரை ஏறலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை மாத்திரையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கும் இடையில் விட்டவருக்கும் இது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே ஒல்லியாகி, வருடக்கணக்கில் தூக்குபவருக்குப் பலன் சொற்பம்.

மூன்று வாரம் டேப் அசையாவிட்டால் தினமும் 100 கிராம் வெந்த சோறு குறையுங்கள், 130 கலோரி போகும். டேப் இறங்கி, தூக்கும் எடையும் சேர்ந்து இறங்கினால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். அது சரியென்றால், ஜிம் நாளில் அதே சோற்றைத் திரும்ப வையுங்கள்.