‘தி எக்ஸ்பான்ஸ்’: எல்லாம் எடை படுத்தும் பாடு

‘தி எக்ஸ்பான்ஸ்’ 2015 டிசம்பரில் ஆரம்பித்து 2022 ஜனவரியில் முடிந்த விண்வெளித் தொடர். பூமி, செவ்வாய், விண்கல் பட்டை என்று மனிதர்கள் மூன்று தரப்பாகப் பிரிந்து கிடக்கும் எதிர்காலம்தான் களம். ஆறு சீசன், 62 எபிசோட். முழுசாகப் பார்த்து முடித்து வருடங்கள் ஆன பிறகும் ராத்திரி சாப்பிடும்போது ஏதாவது ஒரு எபிசோடைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கதை தெரிந்துவிட்டதால் இப்போதெல்லாம் கண் வேறு பக்கம் போகிறது. என்னை உலுக்கிய எபிசோட் ஒவ்வொன்றிலும் வேலையைக் காட்டுவது மனிதர்களின் உடம்பு எடைதான்.

மற்ற விண்வெளித் தொடர்களில் கப்பலுக்குள் எல்லோரும் நம் வீட்டு ஹாலில் நடக்கிற மாதிரி நடப்பார்கள், ஏன் எப்படி என்று கேட்கக்கூடாது. இதில் கப்பல் மாடிக்கட்டடம் போல அடுக்கடுக்காக இருக்கும், எஞ்சின் அடியில். அது தள்ளும்வரை கால் தரையில் நிற்கும். அணைத்தால் எல்லாம் மிதக்கும். பாதி தூரம் வேகம் கூட்டி, கப்பலை அப்படியே தலைகீழாகத் திருப்பி, மீதி தூரம் பிரேக் போட்டுக்கொண்டே போக வேண்டும். தப்பி ஓட வேண்டுமென்றால் எடை ஐந்து மடங்கு, ஆறு மடங்கு ஏறும். அதைத் தாங்க சீட்டிலிருந்தே ஊசி வழியாக மருந்து ஏறும். அவர்கள் அதை ஜூஸ் என்பார்கள்.

முதல் எபிசோடிலேயே இதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. ஐ.நா.வின் பெரிய அதிகாரி அவசரலா (ஷோரே அக்தாஷ்லூ) பேரனோடு விளையாடிவிட்டு விசாரணைக்குப் போகிறாள். அங்கே ஈர்ப்பு குறைந்த விண்கல் பட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவனைக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடி உதை எதுவும் வேண்டாம். பூமியின் ஈர்ப்பே அவனைச் சித்திரவதை செய்கிறது. அவளுடைய புடவைகளும் நகைகளும் ஒவ்வொரு சீனிலும் கண்ணைப் பறிக்கும், வாயைத் திறந்தால் வருவதோ சுத்தமான கெட்ட வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது.

நான் அதிகம் திரும்பிப் பார்த்தது இரண்டாவது சீசனின் ஆறாவது எபிசோட். நடப்புக் கதைக்கு நடுநடுவே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் போகிறார்கள். செவ்வாயில் வாழும் எப்ஸ்டீன் தன் சின்னக் கப்பலின் எஞ்சினைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, தனியாகச் சோதித்துப் பார்க்கக் கிளம்புகிறான். எஞ்சின் அவன் நினைத்ததைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை. சீட்டோடு ஒட்டிப் போகிறான். எஞ்சினை அணைக்கும் பலகை கண்ணுக்கு எதிரே இருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. மனிதகுலத்துக்கு வெளிக்கோள்களைத் திறந்துவிட்ட கண்டுபிடிப்பு, கண்டுபிடித்தவனையே அழுத்திக் கொன்றுவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காட்சிகளில் சண்டை, வெடிப்பு எதுவும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் கை தானாகவே ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது சீசனின் பதினோராவது எபிசோட் இதற்கு நேர் எதிர். விண்வெளியில் தோன்றிய மர்மமான ஒரு பெரிய வளையத்துக்கு உள்ளே எல்லாக் கப்பல்களும் ஒரே நொடியில் நிறுத்தப்படுகின்றன. உள்ளே இருந்தவர்கள் நிற்கவில்லை, சுவரில் போய் மோதுகிறார்கள். உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த கண்டம்: எடை இல்லாத இடத்தில் காயத்தின் ரத்தம் வடியாது, உள்ளேயே தேங்கும். ஆகவே சுழன்று எடையைத் தரும் உருளை உள்ள ஒரே கப்பலான பெஹிமோத்துக்கு எல்லாத் தரப்புக் காயம்பட்டவர்களையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுடத் துடித்தவர்களை ரத்தம் வடிய வேண்டும் என்கிற தேவை ஒரே கூரையின் கீழ் சேர்க்கிறது. இதே எபிசோடில் இயந்திரங்களுக்கு நடுவே நசுங்கிக்கிடக்கும் அந்தக் கப்பலின் அதிகாரிகள் ட்ரம்மரும் ஆஷ்ஃபோர்டும் பேசிக்கொள்ளும் காட்சிகள் வேறு. காரா ஜீ, டேவிட் ஸ்ட்ராதெர்ன் இருவருக்காகவும் மட்டுமே இந்த எபிசோடைப் பார்க்கலாம்.

இந்தச் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், 2018 மே மாதம், சைஃபை சேனல் தொடரை நிறுத்தியது. ரசிகர்கள் அமேசான் ஸ்டுடியோ மேல் பேனர் கட்டிய விமானத்தையே பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது.

அமேசான் கொடுத்த நான்காவது சீசன் எனக்கு இழுவை. முக்கால்வாசிக் கதை ஒரே கிரகத்தில், சேறும் சண்டையுமாக. ஆனால் மாதக்கணக்கில் மருந்தும் பயிற்சியும் எடுத்து, பிறவியிலிருந்து பழகாத ஈர்ப்பில் கால் வைத்த நவோமி (நாயகர்களின் கப்பல் எஞ்சினியர், விண்கல் பட்டைக்காரி), உடம்பு ஒத்துழைக்காமல் கப்பலுக்கே திரும்பிப் போவது மனசைப் பிசையும். ஐந்தாவது சீசனில் அவள் மட்டும் தனியாக, பேச்சே இல்லாமல், கையில் கொஞ்சம் காற்றோடு போராடுகிற எட்டாவது எபிசோடில் டொமினிக் டிப்பருக்கு ஏன் பெரிய விருது கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் ஆதங்கம்.

அந்தச் சீசன் கடைசியில் அதே கப்பலின் பைலட் அலெக்ஸ் செத்துப்போவதைப் பலரும் திட்டினார்கள். அந்த நடிகர் அடுத்த சீசனில் இல்லை என்பது முன்பே தெரிந்திருந்ததால், கதையில் வெட்டி ஒட்டியது பளிச்சென்று தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கப்பல் வேகம் கூட்டும் அழுத்தத்தில் மூளை ரத்தக்குழாய் வெடித்துச் சாவது இந்தத் தொடர் முதல் சீசனிலிருந்தே நம்மை மிரட்டிவந்த ஆபத்துதான். முக்கியமான ஒருவனுக்கு அது ஒரு நாள் நடக்காவிட்டால் அந்த ஜூஸ் ஊசியெல்லாம் வெறும் அலங்காரம் ஆகியிருக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: முதல் மூன்று எபிசோடில் யார் எந்தக் கட்சி என்றே புரியாது, சப்டைட்டில் இல்லாமல் முயல வேண்டாம். நான்காவது வரை பொறுங்கள். அதில் நாயகர்களோடு இருக்கும் மருத்துவ உதவியாளன் ஷெட் பேசிக்கொண்டே இருக்கும்போது எதிரிக் கப்பலின் குண்டு ஒன்று சுவரைத் துளைத்து வந்து, அவன் தலையைக் கொண்டுபோய், எதிர்ச்சுவர் வழியாக வெளியேறிவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அழ நேரம் இல்லை, காற்று போகிற ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இந்தத் தொடர் உங்களுக்கு இல்லை.

ஆறாவது சீசன் ஆறே எபிசோட். ஒவ்வொன்றும் லகோனியா என்கிற தூரத்துக் கிரகத்தில் ஒரு சிறுமியின் கதையோடு ஆரம்பித்து, கடைசியில் அதை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிறது. தொடருக்கு மூலமான ஒன்பது நாவலில் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதி மூன்றின் கதை சுமார் முப்பது வருடம் கழித்து நடக்கிறது. நடிகர்களுக்கு வயசாகட்டும் என்று காத்திருக்கிறார்களோ என்னவோ. நான் ஏழாவது நாவலை வாங்கிவிட்டேன்.